பலாலியின் விமான இணைப்பு: எங்கே அறுகிறது, எங்கே முடிச்சுப் போடலாம்

யாழ்ப்பாணத்துக்குப் பலாலியில் சர்வதேச விமான நிலையம் கிடைத்துவிட்டது. சென்னையிலிருந்து விமானம் வருகிறது. ஆனாலும் இலண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ உறவினர் வரும்போது ஊரில் பெரும்பாலானோர் இன்னும் வான் வண்டி பிடித்துக் கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கே போகிறார்கள். ஏ9 வீதியில் இராமுழுதும் ஓடி, பகல் முழுதும் திரும்பி வருகிறார்கள். பலாலி திறந்த பிறகும் ஏன் இப்படி என்ற கேள்விக்கு, 'ஓடுபாதை சிறிது, அதை நீட்டினால் எல்லாம் சரியாகிவிடும்' என்ற பதில்தான் அதிகம் கேட்கிறது. அதில் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதி நேர அட்டவணையிலும் பயணச்சீட்டிலும் பொதியின் எடையிலும் ஓடுபாதை விளக்கிலும் கிடக்கிறது. இவற்றுள் பலவற்றை ஒரு மீற்றர் தார் போடாமலே சரிசெய்ய முடியும்.

சில சொற்கள், முதலில்

1. நேரடிச் சேவை: புறப்பட்ட இடத்திலிருந்து சேரவேண்டிய இடத்துக்கு ஒரே விமானத்தில் போவது. பலாலியிலிருந்து சென்னை நேரடிச் சேவை.

2. இணைப்பு: ஓரிடத்தில் இறங்கி இன்னொரு விமானம் ஏறுவது. ஏறி இறங்க முடிந்தால் மட்டும் அது இணைப்பாகிவிடாது. இரண்டு விமானங்களும் ஒரே பயணச்சீட்டில் இருக்கவேண்டும். பொதி கடைசி ஊர்வரை தானாகப் போகவேண்டும். முதல் விமானம் பிந்தினால் அடுத்ததில் இடம் தரும் பொறுப்பை விமான நிறுவனம் ஏற்கவேண்டும். இந்த மூன்றும் இல்லாவிட்டால் அது இரண்டு தனிப் பயணங்கள்.

3. சீட்டு உடன்பாடு: ஒரு நிறுவனத்தின் சீட்டில் மற்ற நிறுவனத்தின் விமானத்திலும் பயணம் செய்யவும், பொதியைக் கைமாற்றவும் இரு நிறுவனங்கள் செய்துகொள்ளும் ஏற்பாடு. இதைவிட நெருக்கமானது குறியீட்டுப் பகிர்வு. அதில் ஒரே விமானம் இரண்டு நிறுவனங்களின் இலக்கத்தில் விற்கப்படும்.

4. குறைந்தபட்ச இணைப்பு நேரம்: ஒரு விமான நிலையத்தில் இறங்கியவர் அடுத்த விமானத்தைப் பிடிக்கத் தேவை என்று அந்த நிலையம் வரையறுத்திருக்கும் நேரம். இதைவிடக் குறைந்த இடைவெளியுள்ள இரண்டு விமானங்களைக் கணினி ஒரே சீட்டில் சேர்த்து விற்காது.

இருப்பது என்ன

பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படை அமைத்தது. 1947 டிசம்பர் 10 அன்று எயார் சிலோன் தன் முதற் சேவையைத் தொடங்கியபோது, அந்த டக்கோட்டா விமானம் கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாக, அதாவது பலாலி வழியாகத்தான் சென்னைக்குப் பறந்தது. இலங்கையின் முதல் தேசிய விமானச் சேவையில் யாழ்ப்பாணம் நடுத்தரிப்பு. இந்தச் செய்தி பின்னால் மீண்டும் தேவைப்படும்.

போர் அந்தத் தொடர்பை அறுத்தது. 2019 ஒக்ரோபர் 17 அன்று யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரில் பலாலி மீளத் திறக்கப்பட்டது. இந்திய நிறுவனமான அலையன்ஸ் எயாரின் சென்னைச் சேவை அடுத்த மாதம் தொடங்கி, 2020 மார்ச்சில் கொவிட் காரணமாக நின்று, 2022 டிசம்பர் 12 அன்று மறுபடி வந்தது. 2024 செப்டெம்பர் 1 முதல் இன்னோர் இந்திய நிறுவனமான இன்டிகோ சென்னைக்கு நாள்தோறும் பறக்கத் தொடங்கியது. 2025 மார்ச் 30 அன்று அதே நிறுவனம் திருச்சிச் சேவையையும் தொடங்கியது. இவற்றில் ஓடுவது ஏ.ரி.ஆர். 72 என்ற, ஏறத்தாழ 70 முதல் 78 இருக்கைகள் கொண்ட சுழல்விசிறி விமானம்.

தூரத்தையும் மனதில் வைக்கவேண்டும். நேர்கோட்டில் பலாலியிலிருந்து திருச்சி சுமார் 185 கிலோமீற்றர், கட்டுநாயக்க சுமார் 290, சென்னை சுமார் 355. வானத்தில் யாழ்ப்பாணத்துக்கு மிக அருகே இருக்கும் பெரிய விமான நிலையம் திருச்சிதான்.

முதல் அறுப்பு: மணிக்கூடு

சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் பெரிய விமானங்கள் பெரும்பாலும் நள்ளிரவுக்கும் விடியற்காலைக்கும் இடையே புறப்படுகின்றன. ஐரோப்பாவிலிருந்து வருபவையும் ஏறத்தாழ அதே நேரத்தில்தான் இறங்குகின்றன. ஒரு விமானம் வந்திறங்கி, துப்புரவாகி, அடுத்த பயணிகளோடு திரும்பிப் போகும் சுற்று அது. பலாலிக்கு வரும் விமானமோ பகலில் வந்து பகலில் போவது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் போடுவோம். பலாலியிலிருந்து பிற்பகல் 4 மணிக்குப் புறப்பட்டவர் 5.15 அளவில் சென்னையில் இறங்குகிறார். அவருடைய ஐரோப்பிய விமானம் விடியப்புறம் 3 மணிக்கு என்றால், காத்திருப்பு பத்து மணித்தியாலத்துக்குக் கால்மணி குறைவு. திரும்பி வரும்போது இரவு 1 மணிக்குச் சென்னையில் இறங்குகிறார். யாழ்ப்பாண விமானம் பிற்பகல் 2 மணிக்கு. மறுபடி பதின்மூன்று மணித்தியாலம். அந்த நேரத்துக்குள் கட்டுநாயக்கவில் இறங்கியவர் வான் வண்டியில் ஏறி வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுவிடுவார். இந்தக் கணக்கு மாறாதவரை விமானங்களின் எண்ணிக்கையைக் கூட்டினாலும் புலம்பெயர்ந்தோரின் போக்குவரத்துப் பலாலிப் பக்கம் திரும்பாது.

வேண்டியது இப்படியொரு அட்டவணை:

1. சென்னையிலிருந்து காலை 6.30 அளவில் ஒரு விமானம். நள்ளிரவிலும் அதற்குப் பிறகும் இறங்கிய பயணிகள் 7.45க்குப் பலாலியில்.

2. அதே விமானம் 8.30க்குத் திரும்பி 9.45க்குச் சென்னையில். இது இந்திய உள்நாட்டு விமானங்களுக்கும், பகலில் கிழக்கே போகும் விமானங்களுக்கும் பொருந்தும். சென்னையில் மருத்துவச் சோதனைக்கோ வணிகத்துக்கோ போகிறவர்களுக்கு ஒரு முழுப் பகல் கையில் கிடைக்கும்.

3. மாலை 5.30க்குச் சென்னையிலிருந்து இன்னொன்று. 7.30க்குப் பலாலியிலிருந்து அது திரும்பும். இரவு 8.45க்குச் சென்னையில் இறங்குகிறவர் பின்னிரவு விமானங்களை நிதானமாகப் பிடிக்கலாம்.

மூன்றாவது வரியில் ஒரு முள் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் நவம்பரில் மாலை 5.45 அளவில் சூரியன் மறைகிறது, ஜூலையில் 6.35 அளவில். ஆகவே மாலை விமானம் என்றால் இருட்டில் இறங்கி ஏறும் விமானம் என்று பொருள். அட்டவணைக் கேள்வி இங்கே விளக்குக் கேள்வியாக மாறுகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

இரண்டாவது அறுப்பு: சீட்டும் பொதியும் வீசாவும்

சென்னைவரை ஒரு சீட்டு, அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு வேறொரு சீட்டு என்று தனித்தனியாக வாங்கும்போது நடப்பது இதுதான். முதல் விமானம் சென்னையோடு தன் கடமையை முடித்துக்கொள்கிறது. பொதி அங்கே பட்டையில் வந்து விழும். அதை எடுக்கக் குடிவரவைக் கடக்கவேண்டும். குடிவரவைக் கடக்க இந்திய வீசா வேண்டும். வீசா இல்லாதவரை முதல் விமானத்தில் ஏற்றவே மறுக்கலாம். 'நான் இந்தியாவுக்குப் போகவில்லை, யாழ்ப்பாணத்துக்குத்தான் போகிறேன்' என்று சொல்லிப் பயனில்லை; சீட்டு சென்னை என்றுதான் சொல்கிறது.

முதல் விமானம் மூன்று மணித்தியாலம் பிந்தி யாழ்ப்பாண விமானம் போய்விட்டால், இரண்டாவது சீட்டின் பணமும் பெரும்பாலும் போனதுதான். இரண்டு நிறுவனங்களுக்கும் ஒன்றையொன்று தெரியாது. அடுத்த விமானம் மறுநாள் என்றால் ஓர் இரவு விடுதிச் செலவும் சேரும்.

எனவே பலாலி வழியாக வர நினைப்பவர் பணம் கட்டுமுன் பார்க்கவேண்டியவை:

1. முழுப் பயணமும் ஒரே பதிவிலக்கத்தில் இருக்கிறதா? இரண்டு பதிவிலக்கம் என்றால் இரண்டு தனிப் பயணங்கள்.

2. புறப்படும் ஊரில் பொதியில் ஒட்டும் சீட்டில் கடைசி இடமாக யாழ்ப்பாணத்தின் குறியீடான ஜே.ஏ.எஃப். இருக்கிறதா? சென்னை என்று இருந்தால் அங்கே எடுத்தே ஆகவேண்டும்.

3. தனிச் சீட்டுகள் என்றால் இந்திய வீசா கையில் இருக்கிறதா? விதிகள் கடவுச்சீட்டுக்குக் கடவுச்சீட்டு மாறும். ஒரே குடும்பத்தில் ஒருவர் இலங்கைக் கடவுச்சீட்டும் மற்றவர் கனேடியக் கடவுச்சீட்டும் வைத்திருந்தால் இருவருக்கும் தனித்தனியாகப் பார்க்கவேண்டும்.

4. தனிச் சீட்டுகளுக்கு இடையே ஐந்து மணித்தியாலத்துக்குக் குறையாத இடைவெளி இருக்கிறதா? அன்றைய கடைசி யாழ்ப்பாண விமானத்தை நம்பி வராமல் இருப்பது நல்லது.

5. இரண்டு சீட்டுகளிலும் சிறிய பொதி அளவு எது? அதுதான் உங்கள் அளவு.

விமான நிறுவனங்களிடம் இங்குள்ள வணிக அமைப்புகளும் அரசும் கேட்கவேண்டியதும் இதிலேயே இருக்கிறது. புதிய நிறுவனம் வரவேண்டும் என்று கேட்பதோடு, இப்போது வரும் நிறுவனம் தன் வெளிநாட்டுக் கூட்டாளிகளோடு செய்துள்ள குறியீட்டுப் பகிர்வில் யாழ்ப்பாணத்தையும் சேர்க்கவேண்டும் என்று கேட்பது. கடதாசியில் முடியும் வேலை அது, கட்டுமானம் வேண்டாம். இன்டிகோவுக்கு ஐரோப்பிய, வளைகுடா நிறுவனங்களோடு அத்தகைய பகிர்வுகள் உண்டு.

எடைக் கணக்கு: பொதியை ஏன் இறக்கிவிடுகிறார்கள்

நீண்டதூர விமானத்தில் 23 கிலோவாக இரண்டு பொதி, மொத்தம் 46 கிலோ கொண்டுவந்தவர், சிறிய விமானத்தின் முன்னால் வந்து நின்று தகராறுபடுவது அடிக்கடி நடப்பது. இதில் நிறுவனத்தின் கஞ்சத்தனத்தைவிடப் பௌதிகத்தின் பங்கு அதிகம்.

ஏ.ரி.ஆர். 72 சுமக்கக்கூடிய பயணிகளும் பொதியும் சரக்கும் சேர்த்து ஏறத்தாழ 7,500 கிலோ. 72 பயணிகள், ஆளுக்கு 75 கிலோ, கைப்பொதி 7 கிலோ, பெரிய பொதி 20 கிலோ என்று வைத்தால் 7,344 கிலோ. கணக்கு சரியாக நிற்கிறது. பொதியை 30 கிலோ ஆக்கினால் 8,064. தாண்டிவிட்டது. 46 கிலோ என்றால் 9,216. அப்போது பதின்மூன்று பதினான்கு பேரை ஏற்றாமல் விடவேண்டும், அல்லது பொதிகளைப் பின்னால் அனுப்பவேண்டும்.

எரிபொருளும் இதே கணக்கில் வந்து குந்துகிறது. ஒரு சிறு நிலையத்தில் எரிபொருள் கிடைக்காவிட்டால், அல்லது விலை மிகக் கூடவாக இருந்தால், விமானம் திரும்பிப் போகவும் சேர்த்தே புறப்படும் ஊரில் நிரப்பிக்கொண்டு வரும். ஏ.ரி.ஆர். மணிக்கு ஏறத்தாழ 650 கிலோ எரிபொருள் குடிக்கும். சென்னைக்குத் திரும்பும் பயணத்துக்குச் சுமார் 800 கிலோ. எடை எல்லையைத் தொடும் நாளில் அந்த 800 கிலோ எட்டுப் பயணிகளின் இடம். பலாலியில் நியாய விலையில் நம்பகமான எரிபொருள் விநியோகம் இருப்பது எவ்வளவு பெறுமதியானது என்பதை இந்த எட்டு இருக்கைகளை வைத்து அளக்கலாம்.

பாரமான பொருள்களுக்கு வேறு வழி உண்டு. 2023 ஒக்ரோபர் 14 அன்று தொடங்கிய நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் பலாலியிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் கரைசேர்கிறது. ஆள் விமானத்தில், சாமான் கப்பலில் என்ற ஏற்பாட்டை ஒரே முகவர் செய்துகொடுத்தால் சென்னைக்குப் புடைவை எடுக்கப் போகும் வியாபாரிக்குப் பெரிய உதவி. வாடைக் காலத்தில் கப்பல் நின்றுவிடும் என்பது அதன் குறை.

ஓடுபாதை: எவ்வளவு நீளம், எதற்காக

இப்போது எல்லாரும் பேசும் விடயத்துக்கு வருவோம். நிலையம் திறந்தபோதே, முதற்கட்டத்தில் சிறிய விமானங்கள், பிற்கட்டங்களில் 180 இருக்கையளவு கொண்ட எயார்பஸ் ஏ320 வகை என்றுதான் திட்டம் சொல்லப்பட்டது. 75 இருக்கை விமானங்களுக்கே இந்த ஓடுபாதை போதும் என்று விமானப் போக்குவரத்துக்குப் பொறுப்பான அமைச்சர் 2022இல் வெளிப்படையாகவே சொன்னார்.

ஒரு விமானத்துக்கு எவ்வளவு ஓடுபாதை வேண்டும் என்பது நிலையான எண் அல்ல. உற்பத்தியாளர் தரும் எண், கடல்மட்டத்தில், 15 பாகை வெப்பத்தில், முழு எடையோடு மேலெழுவதற்கு. வெப்பம் கூடினால் காற்று ஐதாகும். இறகுக்குத் தூக்குவிசை குறையும், இயந்திரத்துக்கும் வலு குறையும். 15 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் நூற்றுக்கு ஒரு வீதம் நீளம் கூட்டவேண்டும் என்பது திட்டமிடுவோர் கைக்கொள்ளும் சர்வதேச விதி. பலாலி கடலோடு ஒட்டிய தரை என்பதால் உயரத்துக்குக் கூட்டத் தேவையில்லை. 33 பாகை வெயிலுக்கு 18 வீதம் கூட்டவேண்டும்.

1. ஏ.ரி.ஆர். 72, முழு எடை 23 தொன்: சுமார் 1,300 மீற்றர். 18 வீதம் கூட்டினால் 1,530 மீற்றர் அளவு.

2. ஏ320, முழு எடை 78 தொன்: சுமார் 2,100 மீற்றர். 18 வீதம் கூட்டினால் 2,480 அளவு.

இரண்டாவது எண்ணைக் கண்டு மலைக்கவேண்டாம். அது ஐந்தாறு மணித்தியாலம் பறக்க எரிபொருள் நிரப்பிய விமானத்துக்கு. சென்னைக்கோ திருச்சிக்கோ போகும் ஏ320 பல தொன் இலேசாகப் புறப்படும்; அதற்குக் கணிசமாகக் குறைந்த நீளம் போதும். அப்போது தீர்மானிப்பது இறங்குதல். இறங்கத் தேவையென்று சட்டம் கேட்கும் நீளம் உலர்ந்த பாதையில் 1,500 மீற்றர் என்றால், நனைந்த பாதையில் 15 வீதம் கூட்டி 1,725. மாரியில் பெய்யும் மழையை வைத்துத்தான் அட்டவணை போடவேண்டும்.

ஆக, 'ஏ320 வரவேண்டும்' என்று சொல்லும்போது எந்த ஊருக்கு என்று சேர்த்துச் சொல்லவேண்டும். சென்னைக்கு ஏ320 என்பதும், டுபாய்க்கோ சிங்கப்பூருக்கோ ஏ320 என்பதும் இரு வேறு ஓடுபாதைகள், இரு வேறு செலவுகள்.

நீளத்தோடு வந்து சேரும் மற்றவை பேச்சில் விடுபட்டுப்போகின்றன:

1. அகலம். ஏ.ரி.ஆருக்கு 30 மீற்றர் போதும். நீண்ட ஓடுபாதையில் ஏ320க்கு 45 மீற்றர்.

2. தளத்தின் வலு. 23 தொன் தாங்கும் பாதையில் 78 தொன் ஓடினால் முதலில் சக்கரத் தடம் பதியும், பிறகு வெடிக்கும், பிறகு கல் கிளம்பி இயந்திரத்துக்குள் போகும். மேலே தார் பூசுவது இதற்கு மருந்தாகாது, அடித்தளத்தையே பலப்படுத்தவேண்டும்.

3. பாதை முடிவுப் பாதுகாப்பு நிலம். ஓடுபாதை முடிந்து 60 மீற்றர் பட்டை, அதன்பிறகு குறைந்தது 90 மீற்றர், பரிந்துரைப்படி 240 மீற்றர் வெற்று நிலம் வேண்டும். இருபுறமும். ஓடுபாதையை 500 மீற்றர் நீட்டுவதற்கு 500 மீற்றர் நிலம் மட்டும் போதாது.

4. தீயணைப்பு. விமானத்தின் நீளத்தை வைத்து நிலையத்தின் தீயணைப்புத் தரம் தீர்மானமாகும். 27 மீற்றர் நீளமான ஏ.ரி.ஆருக்கு 5ஆம் தரம், ஒரு வண்டி. 37.6 மீற்றர் நீளமான ஏ320க்கு 6ஆம் தரம், இரண்டு வண்டி. வண்டி ஒன்று பழுதானால் தரம் இறங்கும். தரம் இறங்கினால் விமானம் வராது. ஆகவே மேலதிகமாக ஒன்று கைவசம் வேண்டும்.

5. குடிவரவு மண்டபம். ஒருவருக்கு ஒன்றரை நிமிடம், நான்கு கருமபீடம் என்றால் 72 பேர் 27 நிமிடத்தில் முடிவார்கள். 180 பேருக்கு 67 நிமிடம். திரும்பும் விமானம் அதற்குள் போயிருக்கும், இறங்கியவர்கள் இன்னும் வரிசையில் நிற்பார்கள்.

இயற்கை தந்த ஒரு நன்மையையும் சொல்லவேண்டும். பலாலி ஓடுபாதை வடகிழக்கு–தென்மேற்காகக் கிடக்கிறது. 05/23 என்பது அதன் இலக்கம். யாழ்ப்பாணத்தின் இரண்டு பெருங்காற்றுகளும், மாரியின் வாடையும் கோடையின் சோழகமும், கிட்டத்தட்ட அதே திசையில் அடிக்கின்றன. எதிர்காற்று விமானத்துக்கு நண்பன், குறுக்குக்காற்றுத்தான் பகை. ஆகவே இந்தத் திசையை மாற்றாமல் நீட்டுவதே பொறியியலுக்கு உகந்தது.

இங்கேதான் நிலம் என்ற கேள்வி நிற்கிறது. ஓடுபாதையைச் சுற்றியுள்ளது வலிகாமம் வடக்கு. 1990இல் இடம்பெயர்ந்து, உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயரில் பல்லாண்டு தங்கள் காணிக்குள் கால்வைக்க முடியாமல் இருந்த மக்களின் ஊர்கள் அவை. பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டும் இன்னும் முழுவதும் கிடைக்கவில்லை. விமான நிலையம் வளரவேண்டும் என்று விரும்புகிறவர்கள் இதைத் தடங்கல் என்று பேசுவது பெரிய தவறு. எந்தக் காணி உண்மையில் ஓடுபாதைக்கும் பாதுகாப்பு நிலத்துக்கும் தேவை, எந்தக் காணி இராணுவத் தேவையின் பெயரில் மட்டும் வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பிரித்து வரைபடத்தோடு வெளியிடவேண்டும். தேவையான காணிக்கு உரிமையாளரோடு பேசி உரிய இழப்பீடு கொடுக்கவேண்டும், மற்றதை விடவேண்டும்.

இருட்டும் மழையும்

மாலை விமானத்துக்குத் தேவையானவை ஓடுபாதையை நீட்டுவதைவிடச் சிறிய செலவில் முடிபவை. ஓடுபாதை ஓர விளக்குகள், முடிவு விளக்குகள், இறங்குகோணம் காட்டும் செவ்வெள்ளை விளக்குத் தொகுதி, விமானத் தரிப்பிடத்துக்கு ஒளி, சுற்றியுள்ள உயரமான கோபுரங்களுக்கு எச்சரிக்கை விளக்கு, மின்சாரம் போனால் நொடிகளில் இயங்கும் மின்பிறப்பாக்கி. இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்றவை வீண்.

ஆனால் விளக்கு எரிந்தால் மட்டும் நிலையம் திறந்ததாகாது. கட்டுப்பாட்டுக் கோபுரம், தீயணைப்பு, வானிலை, குடிவரவு, சுங்கம், பாதுகாப்புச் சோதனை ஆகிய ஆறும் ஒன்றாகத் திறந்திருக்கவேண்டும். காலை 7 முதல் இரவு 9 வரை என்றால் ஆறிலும் இரண்டு வேலைமுறைகளுக்கு ஆள் வேண்டும். சிறு நிலையங்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்: கருவி வாங்கியிருப்பார்கள், இரண்டாவது முறைக்கு ஆள் நியமித்திருக்க மாட்டார்கள்.

மேகம் தாழ்ந்திருக்கும் ஒக்ரோபர்–டிசம்பர் மாதங்களுக்கு வழிகாட்டும் இறங்குமுறை வேண்டும். நிலத்தில் வானொலிக் கருவிகள் நட்டுச் செய்வது பழைய முறை, செலவும் பராமரிப்பும் கூட. செய்மதி வழிகாட்டலில் இறங்குவது மலிவு. இந்தியாவின் ககன் என்ற செய்மதித் திருத்த முறையைப் பயன்படுத்தி 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கர் நிலையத்தில் இன்டிகோ இறங்கிக் காட்டியது. அதற்குப் பயன்பட்டதும் ஏ.ரி.ஆர். 72தான். அதன் சமிக்ஞை இந்திய எல்லையோடு நின்றுவிடுவதில்லை. பலாலிக்கு அதைப் பயன்படுத்த முடியுமா என்று இரு நாட்டு விமானப் போக்குவரத்து அதிகாரசபைகளும் சேர்ந்து ஆராய்வது மிகப் பயனுள்ள வேலை.

ஒரு பெரிய விமானமா, இரண்டு சிறியவையா

நாளுக்கு ஒரு ஏ320, 180 இருக்கை, போகவர என்றால் ஆண்டுக்கு 1,31,400 இருக்கைகள். நாளுக்கு இரண்டு ஏ.ரி.ஆர்., 72 இருக்கை என்றால் 1,05,120. பெரிய விமானம் கூடுதலாக ஏற்றுகிறது, இருக்கைக்கு ஆகும் செலவும் அதில் குறைவு. ஆனால் நாளில் ஒரே நேரம்தான். இரண்டு சிறியவை காலையும் மாலையும் தருகின்றன. இணைப்பைத் தேடும் பயணிக்கு அந்த இரண்டாவது நேரம்தான் உயிர்.

இன்னொரு காரணமும் உண்டு. யாழ்ப்பாணத்தின் பயணத் தேவை ஆண்டு முழுதும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஐரோப்பியப் பள்ளி விடுமுறையும் நல்லூர்த் திருவிழாவும் ஒன்றாக வரும் ஜூலை–ஓகஸ்டில் இடம் கிடைக்காது. அப்போதும் விழாவுக்கு முன் வரும் பக்கம் நிரம்பும், போகும் பக்கம் காலியாக இருக்கும், முடிந்தபின் தலைகீழ். ஒக்ரோபரில் இரு பக்கமும் தளரும். தளர்ந்த மாதங்களில் 180 இருக்கை விமானத்தில் எழுபது பேர் இருந்தால் நிறுவனம் சேவையை வாரத்துக்கு மூன்றாகக் குறைக்கும், இணைப்பு மறுபடி அறும். எனவே இப்போதைக்கு இரண்டாவது, மூன்றாவது ஏ.ரி.ஆர். நேரங்களைக் கேட்பதும், திருவிழாக் காலத்துக்கு மேலதிகப் பறப்புகளைக் கேட்பதும் நடைமுறைக்கு உகந்தவை.

அரசு கைகொடுக்கக்கூடிய முறைக்கு இந்தியாவின் உடான் திட்டம் ஒரு மாதிரி. 2016இல் அறிவிக்கப்பட்ட அதில், சிறு ஊர்ச் சேவையை ஏற்கும் நிறுவனம் ஏறத்தாழ பாதி இருக்கைகளை வரையறுத்த விலைக்கு விற்கும். நட்டத்தை மூன்று ஆண்டுகளுக்கு அரசு ஈடுசெய்யும். உதவி முடிந்ததும் பல வழிகள் நின்றுபோனது அதன் பாடம். உதவி தரும் மூன்று ஆண்டுக்குள் சீட்டு உடன்பாடும் நேரமும் அமையாவிட்டால் பணம் போய்விடும், விமானமும் போய்விடும். விமான நிலைய வரியைக் குறைப்பதும் இதே வகை உதவிதான். ஒரு மணித்தியாலப் பறப்புக்கு அந்த வரி கட்டணத்தில் பெரும்பங்கு. நீண்ட பயணத்தில் அது தெரியவே தெரியாது.

கொழும்பு என்ற மறந்த இணைப்பு

பலாலியிலிருந்து உள்நாட்டு விமானம் என்றால் இரத்மலானை. சர்வதேச விமானங்கள் கட்டுநாயக்கவில். இடையில் கொழும்பு நகரத்தின் முழு வாகன நெரிசல். ஒரு மணித்தியாலத்தில் பறந்து வந்தவர் இரண்டு மணித்தியாலம் வீதியில் நின்றால், அந்தச் சேவை சர்வதேசப் பயணிக்கு இல்லாததற்குச் சமம். உள்நாட்டு விமானம் கட்டுநாயக்கவிலேயே இறங்கி, பயணி உள்ளேயே நடந்து சர்வதேசப் பகுதிக்குப் போகும்படி அமைந்தால்தான் அது இணைப்பு. இரவு வான் வண்டிக்கு உண்மையான மாற்றும் அதுவே.

1947 அட்டவணை இங்கே உதவுகிறது. கட்டுநாயக்க–பலாலி–சென்னை என்று ஒரே விமானம் ஓடினால், உள்நாட்டுப் பயணிகளும் சர்வதேசப் பயணிகளும் சேர்ந்து அதை நிரப்புவார்கள்; தனித்தனியே நட்டமாகும் இரண்டு வழிகள் ஒன்றாகத் தாக்குப்பிடிக்கும். இதை இலங்கை நிறுவனம் ஒன்றுதான் செய்யமுடியும். ஒரு நாட்டின் இரு ஊர்களுக்கிடையே வேற்றுநாட்டு நிறுவனம் பயணிகளை ஏற்றக்கூடாது என்பது பொது விதி. ஆகவே இந்திய விமானம் கட்டுநாயக்கவில் ஏற்றியவரைப் பலாலியில் இறக்க முடியாது. இந்தியப் பக்கத்தில் வாசல் திறந்தே இருக்கிறது: சார்க் நாடுகளோடு பரஸ்பர அடிப்படையில் கட்டுப்பாடற்ற பறப்புரிமை என்று 2016ஆம் ஆண்டின் இந்திய விமானப் போக்குவரத்துக் கொள்கையே சொல்கிறது.

இதில் எழும் நடைமுறைச் சிக்கல், குடியகல்வு முடித்தவரும் முடிக்காதவரும் ஒரே விமானத்தில் இருப்பது. கட்டுநாயக்கவில் எல்லாரையும் சர்வதேசப் பகுதி வழியாக ஏற்றி, உள்நாட்டுப் பயணிகளுக்குத் தனி நிறச் சீட்டுக் கொடுத்து, பலாலியில் அவர்களைத் தனி வாசலால் வெளியே விடுவது ஒரு வழி. பலாலிக் கட்டடத்தில் அதற்கு ஒரு கதவும், ஒரு தடுப்புச் சுவரும், ஒரு சுங்க அலுவலரும் வேண்டும்.